கண்ணாடித் தாளில் எழுந்த கடை

இப்போது கண்டிக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் இடிந்த மண்டபத்துக்கு முன்னால் கைபேசியைத் தூக்கிப் பிடித்தால், திரையில் அது முழுசாக எழுந்து நிற்கிறதாம். பெரிய புதினம், காணாத அதிசயம்! யுத்த காலத்திலேயே நாங்கள் அதைக் கண்ணாடித் தாளில் செய்துவிட்டோம். பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் அரசாங்கக் கந்தோரில் நான் படம் வரைபவன். மிச்சமிருக்கும் சுவருக்குப் பொருந்துகிற மாதிரி, விழுந்துபோன கூரையைத் தாளில் வரைவேன். வெள்ளைக்காரர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்த்து வாயைப் பிளப்பார்கள்.

இதைக் கேள்விப்பட்டதும் என் மாமனார் என்னைப் பிடித்துக்கொண்டார். டவுனில் அவருடைய கடைவீடு கலவரத்தில் எரிந்து முன்சுவர் மட்டும் பாதியாக நின்றது. போட்டோக்களும் போய்விட்டன. பழையபடியே கட்ட வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். ஆனால் திரும்பி அங்கே குடிபோவதா இல்லையா என்பதை அவருடைய ஒரே மகளான என் மனைவிதான் சொல்ல வேண்டும். அவளோ கலவரத்துக்குப் பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

ஒரு ஞாயிறு காலை அவளையும் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத் தேத்தண்ணிக் கடை வாசலில் போய் நின்றோம். மாமா சொல்லச் சொல்ல நான் வரைந்தேன்.

“மேல மூண்டு யன்னல். என்ர கடை எனக்குத் தெரியாதே?”

மூன்று போட்டால் சுவரில் இடம் போதவில்லை. அழித்து அழித்து எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. தேத்தண்ணிக் கடைக்கார முஸ்லிம் நானா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

“முதலாளி, நீங்க எந்த நாளும் உள்ளுக்கு இருந்து தெருவத்தானே பாத்தீங்க! ஒங்கட கடைய பாத்துக்கொண்டு ஈந்தது நான். ரெண்டு ஜன்னல்தான்.”

மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டுமே! இரண்டு வரைந்ததும் கச்சிதமாகப் பொருந்தியது. பெயர்ப்பலகை, தொங்கும் வாழைக்குலை, திறந்து கிடக்கும் வாசற்கதவு எல்லாம் வரைந்து மனைவியிடம் நீட்டினேன்.

“இந்தா பாரு, ஒங்க வீடு எந்திரிச்சிருச்சு!”

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“வடிவாத்தான் கிடக்கு,” என்றாள். “ஆனா கதவைத் திறந்தபடி கீறாதேங்கோ. பூட்டிக் கீறுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு.”

மாமா தாளை அவளிடமிருந்து வாங்கி, பார்க்காமலே சுருட்டினார்.

“அப்ப வேண்டாம் பிள்ளை,” என்றார். “பூட்டின கடையைக் கட்டி என்ன செய்யிறது?”