தம்பி பிடித்துக்கொண்ட சுரம்

2025 நவம்பர் 2, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். மாதா கோயிலில் முதல் பூசைக்குப் போய்வந்து தோசை சுட்டேன், துணி ஊறவைத்தேன். பிறகு ஞாயிறுதோறும் செய்வதைப் போல இரண்டு புல்லாங்குழல்களையும் கழற்றித் துண்டின்மேல் பரப்பித் துடைத்தேன். வெள்ளிக்குழல் என்னுடையது, கோயில் பாடகர் குழுவில் வாசிப்பதற்காக வாங்கியது. கறுத்த மரக்குழல் தம்பியுடையது. அதன் உட்புறத்தில் பாதாம் எண்ணெய் தடவாமல் விட்டால் வறண்ட கச்சான் காற்றுக்கு மரம் வெடித்துவிடும். தடவுவேன். ஊதுவதில்லை.

தம்பிக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. அயர்லாந்தின் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகிக் கிடந்தபோது, கரையில் ஒரு மதுக்கடையில் ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து தங்கள் நடன மெட்டுகளை வாசிப்பதைக் கேட்டிருக்கிறான். மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் இந்தக் குழல் இருந்தது. மொத்தமே ஆறு துளைகள், விரல்தான் மூடி. என்னுடையதில் துளைக்குத் துளை உலோக மூடியும் நெம்பும் உண்டு. சுரத்தை வழுக்கி வளைப்பது அவனுக்கு விளையாட்டு. எனக்கு மூடி ஒன்று திறக்கும், இல்லையென்றால் அடைக்கும்.

"அக்கா, ஒன் குழலு ஆஸ்பத்திரி சாமான் மாதிரி பளபளங்கு. விரலுக்கும் ஓட்டைக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது" என்பான்.

"ஏலே, ஒன் குழலு மழைக்கு ஊதிப்போய் மூட்டே சேராமக் கெடக்கு. மொதல்ல அதப் பூட்டு, பெறவு பேசு."

விடுப்பில் வரும்போதெல்லாம் அந்த மெட்டுகளை எனக்கும் சொல்லிக்கொடுத்தான், சேர்ந்து வாசிப்போம். அவற்றில் மூச்சு வாங்க இடமே கிடையாது. ஆடுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை, முடிகிற இடத்திலேயே மறுபடி தொடங்கிவிடும். வாசிப்பவர் எங்காவது ஒரு சுரத்தை விட்டுவிட்டுத்தான் மூச்செடுக்க வேண்டும். எனக்கு எந்தச் சுரத்தையும் விட மனம் வராது. முகம் சிவக்கும்வரை இழுத்துப் பிடித்து, கடைசியில் இருமிவிடுவேன். ஒருநாள் தம்பி சொன்னான்: "நீ மூச்ச எடு அக்கா. நான் புடிச்சிக்கிடுதேன்." அவன் சொன்னது, நாங்கள் அதிகம் வாசித்த மெட்டில் இரண்டாம் பகுதியின் நடுவில் வரும் நீண்ட சுரத்தை. அன்றிலிருந்து நான் அங்கே நிறுத்துவேன், அவன் தொடர்வான். அவன் நிறுத்தும் இடத்தில் நான் தொடர்வேன். அவன் கப்பலேறிய பிறகு, திரும்பி வரும்வரை அந்த மெட்டுகளை நான் தொடுவதே இல்லை. கோயில் பாட்டு மட்டும்தான்.

போன ஆண்டு நடுக்கடலில் அவனுக்கு மாரடைப்பு. முதலில் அவன் உடல் வந்தது. சீருடைகளும் குழலும் பிறகு ஒரு பெட்டியில் வந்தன.

கல்லறைத் திருநாளான இன்று மாலை தம்பி மனைவி மெழுகுவர்த்தியும் பூவுமாக வீட்டுக்கு வந்தாள். "மயினி, அவிய வாசிப்பாவள்லா, அந்தப் பாட்டக் கல்லறையில வச்சு ஒருதடவ வாசிச்சிருங்க. அடுக்களையில நின்னு கேட்டே பழகிட்டு. இந்த ஒரு வருசமா வீட்டுல சத்தமே இல்ல."

 வெள்ளிக்குழலை எடுத்துக்கொண்டு போனேன். மழை விட்டிருந்தது, கல்லறைகள் எல்லாவற்றிலும் மெழுகுவர்த்தி எரிந்தது. முதல் பகுதி நன்றாகவே வந்தது. இரண்டாம் பகுதியின் நடுவில், பழக்கத்தில், நான் நிறுத்தினேன்.

அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு மறுபடி தொடங்கத் தெரியவில்லை.

"ஏன் மயினி நிப்பாட்டிட்டிய?"

"ஏட்டீ, நிப்பாட்டல. மூச்சு வாங்குதேன்."

"அந்த எடத்துல பாட்டு நிக்காதே மயினி. அவிய இருக்கையில ஒருநாளும் நின்னதில்லையே."

அவள் குறையாகச் சொல்லவில்லை. அடுக்களையில் நின்று கேட்டவளுக்கு அது ஒரே குழலாகத்தான் கேட்டிருக்கிறது. எந்தச் சுரம் யாருடையது என்று நானும் தம்பியும் அவளிடம் சொன்னதில்லை. இன்றும் நான் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி தீரும்வரை இருவரும் அங்கே நின்றுவிட்டுத் திரும்பினோம்.

வேறொரு இடத்தில் மூச்செடுக்கப் பழகிக்கொள்ளலாம்தான். வேறொரு சுரத்தை விட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து முயன்று பார்த்தேன். அந்தச் சுரத்துக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே நின்றுவிட்டன, அவனுக்கு வழிவிட்டு.

நவம்பர் 3, திங்கள். எழுந்ததும் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மரக்குழலை எடுத்தேன். ஈரத்தில் மரம் ஊதியிருந்ததால் பொருத்து இறுக்கமாக இருந்தது. மெல்லத் திருகிப் பூட்டினேன். அவன் உதடு பதிந்த இடத்தில் உதட்டை வைத்து, அந்த ஒரு சுரத்தை மட்டும் ஊதினேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. துளையை விரல் சரியாக மூடியதும் சுரம் வந்தது. மூச்சு இருந்தவரை பிடித்துக்கொண்டிருந்தேன்.