மாடிப்படியில் மாட்டிய பீரோ

பீரோக்கடைக்காரரை நாணயஸ்தர் என்றுதான் கடைத்தெருவில் சொல்வார்கள். விலைச்சீட்டு ஒட்டாத பொருள் அவர் கடையில் கிடையாது. பில் இல்லாமல் ஒரு ஸ்டூல்கூட வெளியே போகாது. வியாபாரிகள் சங்கத்தின் விதிகள் அத்தனையும் மனப்பாடம். அப்படியிருந்தும் கூட்டமெல்லாம் எதிர்க்கடையில்தான்.

எதிர்க்கடை அவருடைய சகலையுடையது. சகலை பில் எழுதச் சோம்பல்படுவார். விடுமுறை நாளில் கதவைப் பாதி திறந்துவைத்து, சங்கம் வைத்த விலைக்குக் கீழே விற்பார். ஆனால், "இது உங்க வீட்டுக்கு ஒத்துவராதும்மா, காசை வீணாக்காதீங்க" என்று வந்தவர்களைத் திருப்பியும் அனுப்புவார். திரும்பிப் போனவர்கள் அடுத்த முறை அக்கா தங்கையையும் கூட்டிக்கொண்டு அங்கேயே வந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து அதைப் பார்க்கப் பார்க்கப் பீரோக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

"தங்கச்சி வீட்டுக்காரருக்கு என்ன ஒரு மனசு" என்று மனைவியும் ஆரம்பித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே சங்கத்தில் புகார் கொடுத்தார். சகலையின் கடையை ஒரு வாரம் மூடச் சொல்லிவிட்டார்கள்.

எதிர்க்கடை மூடியிருந்ததால் அந்த வாரம் அங்கே வழக்கமாக வாங்கும் ஒரு டீச்சர் இங்கே வந்தார். பெரிய மர பீரோவைத் தடவிப் பார்த்து, "மாடி வீடுங்க, படி குறுகல். ஏறிடுமா?" என்றார்.

ஏறாது என்று பீரோக்கடைக்காரருக்குத் தெரியும். "அளவு சீட்டுல போட்டிருக்கும்மா, பார்த்துக்குங்க," என்றார். பொய்யில்லை. எந்த விதியையும் மீறவில்லை.

மாலையில் பீரோ படி வளைவில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. செய்தி கேட்டு அவர் ஓடியபோது, சகலை படியில் குத்துக்காலிட்டு பீரோவின் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சர்தான் போன் போட்டிருக்கிறார்.

"வாங்கண்ணே, அந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிங்க."

புகார் யார் வேலை என்று தெருவுக்கே தெரியும். சகலை ஒரு குத்தல் பேச்சாவது பேசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். சகலை அடுத்த திருகாணியைக் கழற்றப் போய்விட்டார்.

பீரோ கீழே இறங்கியதும், "பணத்தைத் திருப்பித் தந்துடறேம்மா," என்றார் பீரோக்கடைக்காரர்.

"விற்ற பொருள் வாபஸ் இல்லைன்னு பில்லுல போட்டிருக்கே?"

"போட்டிருக்கு. ஆனா ஏறாதுன்னு எனக்குத் தெரியும்மா. சொல்லல."

சொன்னதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது. டீச்சர் தலையாட்டிவிட்டு, சகலையின் பக்கம் திரும்பினார். "நல்லவேளை, நீங்க வந்தீங்க," என்றார்.

அந்த நன்றியில் பாதியாவது இந்தப் பக்கம் வரக்கூடாதா என்று மறுபடி புகைந்தபடியே, பீரோவின் கனமான பக்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு அவர் வண்டியை நோக்கி நடந்தார்.