கடல் வாங்கச் சொன்ன டீச்சர்

போனில் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பிள்ளைகளின் முகத்தைவிட அவர்கள் வீட்டுக் கூரைதான் அதிகம் பழக்கம். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் பதுளை டவுனில் இருக்கிறேன். படிப்பில் பின்தங்கிய தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலங்களில் வீடியோ காலில் சொல்லிக்கொடுக்கிறேன். "இதுக்கு ஒண்ணும் மண்டையில ஏறாது" என்று பெயர் வாங்கிய பிள்ளைகள்தான் என்னிடம் வருவார்கள்.

தகரக் கூரை

புவனேஸ் பெரகல பக்கத்துத் தோட்டத்துப் பையன். ஆறாம் ஆண்டு. எழுத்துக் கூட்டி வாசிக்க வராது. எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பான். வகுப்புக்குத் தவறாமல் வருவான், ஆனால் போனை மல்லாத்தி வைத்துவிடுவான். அந்தக் கூரைத் தகரத்தில் எங்கெங்கே ஆணி இருக்கிறது என்று எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

அவனை அதட்டவில்லை. பாடத்தை நிதானமாக வாசித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். வகுப்பில் மற்ற வரிகளை மறைத்துவிட்டு, ஒரே ஒரு வரியைப் பெரிய எழுத்தில் திரையில் காட்டினேன். அவன் என் குரலைத் தனியாகக் கேட்டுக் கேட்டு, எழுத்தின் மேல் விரல் வைத்துப் பழகியிருக்கிறான். ஒருநாள் கூரை ஆடியது. முதலில் நெற்றி வந்தது, அப்புறம் முழு முகமும் வந்தது.

"மூஞ்சியக் காட்டுனா வாசிக்கச் சொல்லுவீங்கன்னுதான் டீச்சர் கூரையக் காட்டுனேன். இப்பக் கேளுங்க, வாசிக்கிறேன்."

அண்ணனின் இயர்போன்

தர்ஷினி மடுல்சீமைப் பக்கம். ஏழாம் ஆண்டு. கவனமே இல்லாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்கில் உட்கார வைத்திருந்தார்கள். என் வகுப்பிலும் அப்படித்தான். "ஏழும் அஞ்சும் எத்தனை?" என்று கேட்டால், "சாப்பிட்டேன் டீச்சர்" என்பாள்.

ஒருநாள் அங்கே மழை தகரத்தில் கொட்டியது. ஒன்றுமே கேட்காததால், தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்திருந்த அண்ணனின் இயர்போனை அவள் அம்மா பிள்ளையின் காதில் மாட்டி, சத்தத்தை முழுக்கக் கூட்டிவிட்டார். அன்றைக்குக் கேட்டதற்கெல்லாம் டக்குடக்கென்று பதில் வந்தது. பக்கத்தில் யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றுகூட நினைத்தேன். கழற்றச் சொன்னேன், பழையபடி விழித்தாள். மாட்டச் சொன்னேன், மறுபடி பதில் வந்தது. "புத்தியில ஒரு குறையும் இல்லைங்க, பிள்ளைக்குக் காதுதான் சரியாக் கேக்கல" என்றேன். அந்த அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்குறாளேன்னு இந்தக் கையாலதாங்க டீச்சர் அடிச்சிருக்கேன்."

பக்கத்து வீட்டுப் போன்

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள் என்றதும் தர்ஷினியின் அப்பா மறுத்துவிட்டார். "பொம்பளப் புள்ள காதுல மெஷின மாட்டிக்கிட்டுத் திரிஞ்சா நாளைக்கு யாருங்க கட்டுவா?" என்றார். மெஷின் இல்லாவிட்டால் பிள்ளை ஆயுசுக்கும் கடைசி வாங்கில்தான். ஆனால் அதைச் சொல்லிச் சண்டை பிடித்தால் வகுப்பையும் நிறுத்திவிடுவார் என்று பயமாக இருந்தது. அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்: "பக்கத்து வீட்டுக்குப் போய், அவங்க போன்ல இருந்து இந்தக் கால்ல வந்து உங்க மகளோட மெதுவாப் பேசிப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். திரையில் அவர் முகம் வந்தது. மகளிடம் கத்தியே பழகிய மனுஷன், போனை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு ரொம்பச் சின்னக் குரலில், "அம்மாடி, என்னடா செய்யிற?" என்றார்.

இயர்போனோடு இருந்த தர்ஷினி உடனே நிமிர்ந்தாள். "கணக்குச் செய்யிறேம்ப்பா. நீங்க ஏன் அந்த வீட்டுல நிக்கிறீங்க?"

அவர் போனைத் திருப்பிவிட்டார். கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"டீச்சர், விடிய மொத பஸ்ஸுல வர்றோம். நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நில்லுங்க, எங்களுக்கு அங்க ஒண்ணும் தெரியாது."

மலைநாட்டில் கடல்

பரிசோதனைக்கு, மெஷினுக்குக் காது அளவெடுக்க என்று பல தடவை அலைய வேண்டியிருந்தது. அதுவரைக்கும் வகுப்பை நிறுத்த மனம் வரவில்லை. இயர்போன் போட்டும் சில சொற்கள் பிள்ளைக்குப் பிடிபடவில்லை. அதனால், நான் பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டுகிற வசதியைப் போட்டுவிட்டேன். நம்ம ஊர்த் தமிழைக் கேட்டு அது பட்ட பாட்டை என்னவென்று சொல்ல!

கழித்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது. "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு" என்றேன். அவள் திரையையே உற்றுப் பார்த்தாள். "வாங்கு, வாங்கு" என்று அவசரப்படுத்தினேன். அப்புறம்தான் என் திரையைப் பார்த்தேன். 'பக்கத்தில் கடல் வாங்கு' என்று இருந்தது.

"கடல எங்க டீச்சர் வாங்குறது? இங்க பக்கத்துல மலதானே இருக்கு."

அணைக்கிற பட்டன்

ஒருவழியாக மெஷின் வந்தது. இப்போது தர்ஷினி பள்ளிக்கூடத்தில் முன் வாங்கில் இருக்கிறாள். கேலி செய்த பிள்ளைகளை அவளே கூப்பிட்டு, மெஷினைக் கழற்றிக் காட்டி, எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியிருக்கிறாள். தவணைப் பரீட்சையில் கணக்குப் பாஸ். அவள் அப்பா போன் பண்ணி, சாதாரணக் குரலில் அந்தச் சங்கதியைச் சொல்லிவிட்டு, போனை மகளிடம் கொடுத்தார். மெஷின் வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு டீச்சர், வேணாங்குறப்ப அணைச்சிரலாம். உங்க வகுப்புலயும் ஒரு தடவ அணைச்சேன், கோவிச்சுக்காதீங்க."

பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளைக்குக் காது கேட்க வழி பிறக்கும். டீச்சர் பேச்சைக் கேட்க வைக்கிற மெஷின்தான் இன்னும் எந்த ஆஸ்பத்திரிக்கும் வந்து சேரவில்லை.