செமுட் அப்பியைப் பதிவு செய்யப் போனது

ஞாயிறு, பகல் 12.10. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பேருந்தில் ஏறினோம். முப்பது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஒன்றரை வெள்ளி. என் மடியில் பேட்டரி போட்ட கேசட் ரெக்கார்டர். நான் வேலை பார்க்கும் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு விழாப் பேச்சுகளை இதில்தான் பதிவு செய்வேன்.

பக்கத்தில் செல்வி. எங்கள் வீட்டு வரிசையில் இருப்பவள். ஆறு நாள் சுபாங் ஜெயாவில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, ஏழாம் நாள் ‘செமுட் அப்பி’ என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவின் பாடகி. மலாயில் அதற்கு நெருப்பெறும்பு என்று பொருள். பாடகி என்றால், மேடையில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறவள்.

ஈப்போவில் ஒருவர் பல குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து கேசட் போடுகிறார். மேடையில் பாடிய பதிவு இந்த வாரம் அவர் கைக்கு வந்தால் இவர்களுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் டிரம்ஸ் அடிக்கும் அஸ்மான் மறுநாள் காலை கடல் தாண்டிச் சபாவுக்கு வேலைக்குப் போகிறான். இன்றைய கோலாலம்பூர் நிகழ்ச்சியை விட்டால், இப்படி ஒரு குழு இருந்தது என்பதற்கே அடையாளம் இருக்காது.

சுபாங் ஜெயா அருகே நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. செல்வி எழுந்து ஓட்டுநரிடம் போனாள்.

“அண்ணே, கொஞ்சம் அழுத்துங்க லா.”

“முன்னால பாரும்மா, ஜேம். நான் என்ன, மேல ஏறியா போறது?”

“ஏறுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“போய் உக்காரு லா. விழுந்து தொலைக்காத!”

மணி 1.40. நகரப் பேருந்து நிலையத்தில் இறங்கி, வெயிலில் இருபது நிமிடம் நடந்து பிரிக்பீல்ட்ஸ் சேர்ந்தோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே, மாடியில் மண்டபம். பங்க் நிகழ்ச்சி என்றால் மண்டபம் தரமாட்டார்கள் என்பதால் பிறந்தநாள் விழா என்று எழுதிக் கொடுப்பது இவர்கள் வழக்கம். வாசலில் பலூன், மேசையில் கேக். காவலாளி சந்தேகமாகப் பார்த்தார்.

“யாருக்கும்மா பர்த்டே?”

“எல்லாருக்கும் அங்கிள்.”

“நல்லா இருக்கு! அஞ்சு மணிக்குக் காலி பண்ணிரணும். ஆறு மணிக்குக் கல்யாண ரிசெப்ஷன்.”

மணி 3.50. கடைசியாக செமுட் அப்பி. மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் நூறு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஆடினார்கள். கழிப்பறைக்குப் போனால் கைக்கடிகாரம் பார்க்கும் சூப்பர்வைசரைப் பற்றி ஒரு பாட்டு; பாதி தமிழ், பாதி மலாய். கிட்டார் சத்தம் நெஞ்செலும்பில் இடித்தது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கொடுத்த வேலையைப் பிசகாமல் செய்துவிட வேண்டும் என்ற பதற்றம் எப்போதும் உண்டு. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

அதுதான் வினை. பேச்சு முடிந்து கைதட்டும்போது நாடா வீணாகாமல் நிறுத்தி வைப்பது பள்ளியில் என் பழக்கம். இந்தப் பாட்டுகளோ ஒரு நிமிடம்கூட நீளாதவை. நடுவில் திடீரென்று நின்று, மறு நொடி பாய்பவை. நின்றபோதெல்லாம் நான் நிறுத்தினேன்.

மணி 4.15. மாடிப்படியில் உட்கார்ந்து போட்டுக் கேட்டோம். ஒரு பாட்டும் முழுசாக இல்லை.

அஸ்மான் மலாயில் சிரித்தான்: “இது எங்க பாட்டா, பஸ் பிரேக்கா?”

செல்வி சிரிக்கவில்லை. “பாட்டு முடிஞ்சிருச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“கைதட்டுனாங்களே...”

“அது கைதட்டல் இல்ல வாத்தியாரே. டிரம்ஸ்.”

நிகழ்ச்சி முடிந்தது என்று காவலாளி நாற்காலிகளை இறக்கத் தொடங்கியிருந்தார். செல்வி அதற்குள் அவரிடம் ஓடியிருந்தாள்.

“அங்கிள், இன்னொரு பன்னண்டு நிமிஷம்.”

“முடியாது. எரநூறு நாற்காலி போடணும், நான் ஒரு ஆளு.”

“நாங்க போடுறோம்.”

இடுப்பில் சங்கிலி தொங்க, தலைமுடியை முள்ளாக நிறுத்திய பிள்ளைகள் கல்யாணத்துக்கு நாற்காலி அடுக்கினார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னார் அங்கிள். அதையும் கட்டினார்கள்.

மணி 4.50. ஆட இடமில்லை. எல்லோரும் ரிப்பன் நாற்காலிகளில் மாப்பிள்ளை வீட்டார்போல உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் ரெக்கார்டரை வைத்தேன்.

செல்வி மைக்கை எடுத்தாள். “கைய பாக்கெட்ல போட்டுக்க வாத்தியாரே.”

போட்டுக்கொண்டேன். பாட்டு நின்றபோதெல்லாம் விரல் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசிப் பாட்டின் பாதியில் மணி ஐந்தானது. அங்கிள் மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்கு, மின்விசிறி, கிட்டார், மைக் எல்லாம் செத்தன. அஸ்மான் நிறுத்தவில்லை. செல்வியும் நிறுத்தவில்லை. மைக் இல்லாத அந்தக் குரல் உடைந்து உடைந்து வந்தது. ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

மணி 5.20. சாலையோரத் தபால்பெட்டி. முகவரி எழுதித் தயாராக வைத்திருந்த உறையில் செல்வி கேசட்டைப் போட்டு ஒட்டினாள்.

“ஒரு தடவை போட்டுப் பாப்போம். நகல்கூட எடுக்கலையே?” என்றேன்.

அவள் குரல் போய்விட்டிருந்தது. காற்றாகத்தான் வந்தது. “கேட்டேன்னா அப்புறம் அனுப்ப மாட்டேன்.”

உறை உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

திரும்பும் பேருந்தில் ஏறினோம். மேற்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. அஸ்மான் சபாவுக்கு, கேசட் ஈப்போவுக்கு. திங்கட்கிழமை காலை ஷிப்ட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாகக் கிள்ளானுக்கே திரும்பிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.