மாப்பிள்ளை கார்

வயிறு எரிந்துதான் அந்தக் காரை வாங்கினேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என் சகலை, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். போன வருடம் செகண்ட்ஹேண்டில் ஒரு ஜெர்மன் காரை வாங்கி, புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் மாமியார் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். கறுப்பு நிறம், நாலு கதவு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. பக்கத்தில் என் ஏழு சீட் வேன் நின்றது. மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அது, என் மூன்று பிள்ளைகளைப் பள்ளியில் விட்டது அது, செகிஞ்சானுக்கு மீன் வாங்கப் போனது அது. அன்றைக்கு ஒரு பயல் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவியின் தம்பி அந்தக் கறுப்புக் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, "என் கல்யாணத்துக்கு இதுதான் மாப்ள கார்" என்றான். மூத்த மருமகன் நான் அங்கேதான் நிற்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டானா?

"நானும் கார் மாத்தப் போறேன்" என்று வீட்டில் சொன்னேன்.

"மாத்துங்க. ஆனா பிள்ளைங்க மூணு பேரு, அம்மாவுக்கு முட்டி மடங்காது, எஸ்டேட் ரோட்டுல எத்தன மேடு இருக்கு. அதுக்குத் தோதா பாருங்க" என்றாள் மனைவி.

சரி சரி என்று தலையாட்டினேன். கடையில் போய் நின்றதும் அவள் சொன்னதெல்லாம் காற்றில் போய்விட்டது. வெள்ளை நிறத்தில் ஒன்று நின்றது. சகலையின் காரைவிட ஒரு வருடம் புதுசு, சிவப்புத் தோல் சீட்டு, சக்கரம் அவன் சக்கரத்தைவிடப் பெரிசு. ஓட்டிப் பார்த்தபோது நெடுஞ்சாலையில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அவன் முகம் எப்படிச் சுருங்கும் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

கார் விஷயம் தெரிந்தவன் என்று அவனையே கூட்டிப் போயிருந்தேன். அவன் குனிந்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அண்ணே, வேணாம்லா. என்னோடதவிட இது இன்னும் தாழ்வு. எஸ்டேட் மேட்டுல எனக்கே அடி தட்டுது. அத்த எப்பிடி ஏறுவாங்க? பேசாம வேனையே வச்சுக்குங்க."

பொறாமைடா உனக்கு, என்று மனதுக்குள் சொன்னேன். என் கையில் தன் காரைவிட நல்ல கார் வந்துவிடும் என்ற வயிற்றெரிச்சல். அன்றைக்கே வேனைக் கடையில் கொடுத்துவிட்டு வெள்ளைக் காரைப் பதிவு செய்தேன். கோயிலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, மாமியார் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். மச்சான் வாயைப் பிளந்தான். "மாப்ள கார் உங்களோடதே இருக்கட்டும் அண்ணே" என்றான் சகலை. அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

கல்யாணத்தன்று காலையில் பூக்காரர் வந்து என் காருக்கு மல்லிகையும் ரோஜாவும் கட்டினார். அப்போதுதான் சகலை வந்தான். கறுப்புக் காரில் இல்லை. என் வேனில்.

"எம்புட்டு நாளு அடிய தட்டிக்கிட்டே ஓட்டுறது? வித்துட்டேன். நீங்க கொடுத்த வேன் அதே கடையிலதான் நின்னுச்சு, எடுத்துட்டேன். நல்லா வச்சிருந்தீங்க அண்ணே" என்றான்.



எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். தாலியும் கூறைப் புடவையும் வைத்த தட்டை மாப்பிள்ளையின் அம்மாதான் மடியில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். மாப்பிள்ளையும் அதே வண்டியில்தான் ஏறவேண்டும். தட்டை எடுத்த கை நடுவில் மாறக்கூடாது. மாமியார் தட்டோடு என் காருக்கு வந்தார். முதுகைத் திருப்பி உட்காரப் பார்த்தார். முட்டி மடங்கவில்லை. இன்னொரு தடவை முயன்றபோது தட்டு சாய்ந்து தேங்காய் உருண்டது.

"ஐயய்யோ! மாப்ள, குழிக்குள்ள எறங்குற மாதிரி இருக்கே. என்னால ஆவாது சாமி."

"தட்ட கீழ வைக்காத!" என்று மாமனார் கத்தினார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர், குரல் இன்னும் இறங்கவில்லை.

சகலை ஓடிப்போய் வேன் கதவைத் தள்ளித் திறந்தான். மாமியார் கீழ்ப்படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, தட்டு அசையாமல் ஏறி உட்கார்ந்தார். மச்சான் என் காரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், வேனில் ஏறிவிட்டான். பூக்காரர் மாலையை அவிழ்த்து வேனில் கட்டினார். என் பிள்ளைகள் மூன்று பேரும் பின்சீட்டுக்கு ஓடினார்கள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர்களோடு ஏறினாள்.

நான் ஒற்றை ஆளாகப் பின்னால் போனேன். முதல் மேட்டிலேயே அடியில் கரகரவென்று உரசியது. முன்னால் வேனுக்குள் கையும் தலையும் ஆடிக்கொண்டிருந்தன, எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். என்னுடைய பழைய வேனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. இப்படியும் ஒருத்தனுக்கு வருமா?

கோயில் வாசலில் மாமியார் இறங்கி, சகலையின் கன்னத்தை வழித்து தன் நெற்றியில் நெட்டி முறித்தார். "எம்முட்டிய நெனச்சு வண்டி வாங்கியிருக்கு பாரு, இதுதான் புள்ள" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய முட்டிக்காகத்தான் வேனில் அந்தக் கீழ்ப்படியை நான் பொருத்தவைத்தேன். அசாம் ஜாவாவில் ஒரு பட்டறையில் ஒரு பகல் முழுக்க வெயிலில் நின்றேன். சகலை என்னைப் பார்த்தான், சொல்லட்டுமா என்பதுபோல. வேண்டாம் என்று தலையாட்டினேன். சொன்னால், அப்புறம் ஏன் விற்றாய் என்று கேட்பார்கள்.