காலி வயிறு

எங்கள் குடும்பத்துக் கிடா விருந்தில் முதல் பந்தியின் முதல் இலை என்னுடையது. குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாற வருகிறவர் என் கணவர். எலும்பாக விழுந்தால், "கறியாப் பாத்துப் போடுங்க" என்று நாலு பேர் காதில் விழும்படிச் சொல்வேன். அவருடைய அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே மறுசோறு கேட்பேன்.

சொந்தத்தில் இதைத் திமிர் என்கிறார்கள். திமிர் இல்லை. பழிவாங்குகிறேன்.

எல்லாம் ஆரம்பித்தது அழகர்கோவில் பக்கம் ஒரு மாந்தோப்பில். கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை வெட்டி விருந்து. ஆண்கள் முதல் பந்தி, பிள்ளைகள் அடுத்தது, பரிமாறுகிற பெண்கள் கடைசி. பிள்ளைகள் பந்திக்குச் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தேன். சட்டென்று நெஞ்சுக்குள் வலி. ஜவுளிக்கடையில் துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிப்பார்களே, அப்படி உள்ளே ஏதோ கிழிந்து முதுகுவரை போனது. வாளி எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது.

"அம்புட்டுக் கறியத் தின்னா வாயு பிடிக்காம என்ன செய்யும்?" என்றார் அவருடைய அக்கா. யாரோ இஞ்சி சோடாவை உடைத்து என் வாயில் ஊற்றினார்கள். காலையில் குடித்த காப்பியைத் தவிர என் வயிற்றில் ஒன்றும் கிடையாது. அதைச் சொல்ல மூச்சு வரவில்லை. வந்திருந்தாலும் அங்கே கேட்க ஆள் இல்லை.

போகிற வழியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். "எப்படிம்மா வலிக்குது?" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னவர் என் கணவர்.

"கிடா விருந்து சார். கறி கொஞ்சம் கூடப் போயிருச்சு. நெஞ்சக் கரிக்குதுங்கிறா."

நான் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. "முதுகு..." என்று வாயைத் திறந்தேன்.

"நீ பேசாம படு. நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்ல" என்றார்.

ஈசிஜி எடுத்தார்கள். அதில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை. வாயுவுக்கு ஊசி போட்டு, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கேனுக்கு எழுதினார் டாக்டர். அவர் கேட்ட கதை வயிற்றில் ஆரம்பித்தது, அதனால் ஸ்கேனும் வயிற்றுக்கே போனது. அவரையும் நான் மறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர், பதிலுக்கும் அங்கேயே காத்திருந்திருக்கலாம்.

ஸ்கேன் அறைக்குள் கூட வந்தவர்களை விடமாட்டோம் என்றார்கள். அந்த மூடிய கதவுதான் என்னைக் காப்பாற்றியது. உள்ளே ஒரு பெண் டாக்டர். ஜில்லென்று களிம்பைத் தடவிக்கொண்டே, "சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆச்சும்மா?" என்றார்.

"நான் சாப்பிடவே இல்ல டாக்டர். பரிமாறிக்கிட்டு இருந்தேன்."

கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "வயிறு காலியாத்தான் இருக்கு. அப்ப வலி எப்படி வந்துச்சு? நீங்களே சொல்லுங்க."

நீங்களே சொல்லுங்க. அந்த இரண்டு வார்த்தைக்கு நான் அழுதுவிட்டேன். கிழிந்ததைச் சொன்னேன், முதுகைச் சொன்னேன். கருவியை நடுவயிற்றில் வைத்து அழுத்திப் பார்த்தவரின் முகம் மாறியது. இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கதவைத் திறந்துகொண்டு போய், இதயத்திலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருப்பதுபோல் தெரிகிறது, மருந்து ஏற்றி உடனே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்.

"ஈசிஜி நல்லாத்தானே இருக்கு, சிடி எதுக்கு?" என்று என் கணவர் கேட்பது உள்ளே படுத்திருந்த எனக்குக் கேட்டது.

"ஈசிஜில இந்தக் கிழிசல் தெரியாது சார். நின்னு பேசிக்கிட்டு இருந்தா உயிர் போயிரும்."

சிடியில் கிழிசல் மேலிருந்து கீழ்வரை தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். பிழைத்தவள் சும்மா இருப்பேனா? படுக்கையிலேயே முடிவு செய்துவிட்டேன், இனிமேல் முதல் பந்தி எனக்கு, வாளி அவருக்கு. அடுத்த விருந்தில் அவர் முறைத்தபோது, கழுத்துக்குக் கீழே தெரியும் தழும்பைத் தொட்டுக் காட்டினேன். வாளியை எடுத்தார்.

போன ஆடியில் அதே தோப்பு. என் இலையில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியை அப்படியே வைத்துவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. சோடாவுக்கு ஓடிய அவருடைய அக்காவை ஒரு சத்தம் போட்டு நிறுத்தினேன். அவரைக் காரில் ஏற்றி நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அந்த அளவுக்கு நானும் மனுஷிதான்.

அவசரப் பிரிவில் டாக்டர் அவர் பக்கம் குனிந்து, "எப்படி வலிக்குது?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "கிடா விருந்து சார். கறி கொஞ்சம் கூடப் போயிருச்சு. நெஞ்சக் கரிக்குதுங்கிறாரு."

ஒரு சொல் மாறாமல் வைத்திருந்தேன். டாக்டர் பேனாவை எடுத்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். அவருடைய உதடு அசைந்தது.

"நீங்க பேசாம படுங்க. நான்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்ல" என்றேன்.

பேனா எழுத ஆரம்பித்தது. அந்த ஒரு வரி எழுதுகிற நேரம் எனக்கு அவ்வளவு இனித்தது. இன்றைக்கும் அதில் வருத்தம் இல்லை. அவர் என் கையைப் பிடித்தார். கை சில்லிட்டிருந்தது.

"நான் இன்னும் சாப்பிடவே இல்லடி" என்றார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவர்கிட்டச் சொல்லுங்க." டாக்டர் பக்கம் திரும்பினேன். "நான் சொன்னத அடிச்சிருங்க டாக்டர். வலி அவருக்குத்தான். அவரையே கேளுங்க."

அவர் சொன்னார். டாக்டர் கடைசிவரை கேட்டார். ஈசிஜியைப் பார்த்த கையோடு ஆஞ்சியோவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அடைப்பு இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

அடுத்த விருந்துக்கு அவருக்காகச் சின்ன வாளியாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.