லைவில் கேட்ட வேண்டுதல்

பருத்திப்பட்டில் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு ஒரு யூடியூப் சேனல் உண்டு. ஆடித் திருவிழாவை அதில் லைவாகப் போடுவார்கள். இரண்டு வருடமாகப் போனைப் பிடித்தது நான்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பொடிப்பொடி ஸ்க்ரூ மாட்டுகிற வேலை எனக்கு, கை ஆடாது. அதைக் கண்டுபிடித்தவர் கோயில் கமிட்டிச் செயலாளர். "யக்கா, நீ புடிச்சா சாமி செதுக்கி வெச்ச மாறி நிக்குது" என்று சொல்லியே என் கையில் போனைத் திணித்துவிடுவார்.

எனக்கோ ஒரு வேண்டுதல் பாக்கி. பக்கவாதத்தில் விழுந்த வீட்டுக்காரர் பிழைத்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மனிடம் சொல்லியிருந்தேன். பிழைத்தார். வலது பக்கம் மட்டும் சரியாக வரவில்லை. குளிப்பாட்ட, உடுத்திவிட, சோறு பிசைந்து வைக்க எல்லாவற்றுக்கும் 'இந்தாமே' என்று என்னைத்தான் கூப்பிடுவார். நான் குடம் எடுக்காததால்தான் தாய் பாதியில் நிறுத்திவிட்டாளோ என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த ஆடியில் மஞ்சள் புடவை உடுத்தி, காப்புக் கட்டி, தலையில் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டேன். செயலாளர் ஓடி வந்தார்.

"யக்கா, இந்த வாட்டி போன் புடிக்கச் சொன்ன ஆள் வர்ல. நீயே புடி."

"தலைல குடம் கீது. கண்ணு தெரிலயா உனக்கு?"

"ஒரு கை குடத்துக்கு, ஒரு கை போனுக்கு. துபாய்லர்ந்துலாம் பாத்துகினு கீறாங்கக்கா. உன் ஊட்டுக்காரரும் பாத்துகினு கீறாரு. அவருக்குக் காட்ட வேணாமா?"

அந்தக் கடைசிப் பேச்சில் மாட்டிக்கொண்டேன்.

இடது கை குடத்தில், வலது கை போனில். முன்னால் பம்பை, இரண்டு பக்கமும் ஜனம். வேர்வை கண்ணில் இறங்கினால் துடைக்க இன்னொரு கை இல்லை. அம்மனை நினைக்கலாம் என்றால் திரையில் கமெண்ட் ஓடுகிறது. 'ஆடுது', 'நேரா புடிங்க', 'இன்னாபா, கப்பல்லர்ந்து எடுக்குறீங்களா?' வேண்டுதலா, வேலையா என்று எனக்கே தெரியவில்லை.

சன்னதியில் குடத்தை இறக்க இரண்டு கையும் வேண்டும். திரும்பிப் பார்த்தேன். செயலாளரைக் காணோம். பின்னால் நின்றவர்கள் தலையிலெல்லாம் குடம். போனை இடுப்பில் செருகிக்கொண்டேன். படம் மறைந்தால் லைவும் நின்றுவிடும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

பூசாரி பாலை ஊற்றினார். பம்பை ஓய்ந்திருந்தது. கைகூப்பி நின்றதும் உள்ளே என்னவோ உடைந்துவிட்டது.

"தாயே, காப்பாத்துன்னு நான்தான் கேட்டேன், இல்லேன்னு சொல்லல. ஆனா முடிலம்மா. அவரு என்ன கூப்புடாத நாளு ஒரு நாளாச்சும் குடு. இல்லாங்காட்டி என்ன நீ கூப்ட்டுக்கோ."

வாய்விட்டுத்தான் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வெளியே வந்ததும் செயலாளர் போனை வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"யக்கா, படம்தான் இருட்டாப் போச்சு. சவுண்டு போய்கினே இருந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அத்த எடுத்துடு நைனா."

"வெட்டிடுறேன்க்கா. கேட்டவங்க கேட்டுட்டாங்களே, அதுக்கு இன்னா பண்றது?"

வீட்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போன் கவிழ்ந்து கிடந்தது. குங்குமத்தை நீட்டினேன். இடது கையால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சு" என்றார்.

அன்றிலிருந்து அவர் என்னைக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைத் தடவிக்கொண்டு தானே சமையல்கட்டுக்கு வருகிறார். இன்று காலை சொம்பு கைநழுவி உருண்டது. ஓடினேன்.

"நீ போ. டூட்டிக்கு நேரமாவுது. நான் எடுத்துக்குறேன்."

"ஒரு வாட்டி கூப்ட்டாதான் இன்னாய்யா? எப்பயும் போல 'இந்தாமே'ன்னு கூப்புடேன்."

அவர் சுவரைப் பிடித்தபடி, கொட்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டதை அம்மன் கொடுத்துவிட்டாள். வேண்டாமென்று திருப்பிக் கொடுக்க எந்தக் குடத்தை எடுப்பது என்று தெரியவில்லை. பை தோளில் இருக்கிறது, கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. உள்ளே காது வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன்.